பதினான்கு பெயர் இருக்கிறது, போத்தல் சுமக்க ஆள் எங்கே?

வாசகர் எழுதியது

சிலாங்கூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 46. சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு கிளப்பை நடத்தி, பையன்களை உள்ளூர்ப் பந்தயங்களுக்குக் கூட்டிப் போய் வருகிறார். இப்போது நண்பர் ஒருவரின் நிறுவனம் ஆண்டுக்கு 9 லட்சம் ரிங்கிட் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தை நம்பி, அடுத்த பருவத்தில் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கமான யூசிஐ-யின் பட்டியலில் மூன்றாம் நிலையான கான்டினென்டல் அணியாகப் பதிவு செய்ய நினைக்கிறார்.

பதினான்கு பேர் கொண்ட பட்டியலையும் இணைத்திருக்கிறார். எட்டுப் பேர் ஐந்து நாடுகளைச் சேர்ந்த வெளிநாட்டவர், ஆறு பேர் மலேசியர். ஆறு பேர் ஸ்பிரிண்டர்கள், அதாவது கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கிறவர்கள். சம்பளத்துக்காக ஒதுக்கிய 5,40,000 ரிங்கிட்டில் 40 விழுக்காடு ஒரே ஆளுக்கு. அவர் 35 வயது ஐரோப்பியர், ஒரு காலத்தில் டூர் டி பிரான்ஸ் ஓட்டியவர். பட்டியலின் கடைசி ஐந்து பேருக்கு மாதம் 800 ரிங்கிட் அலவன்ஸ். அந்த ஐவரில் ஒருவன் வாசகரின் அண்ணன் மகன், வயது 19. யாரிடமும் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை. வெளிநாட்டு வீரர்களுடன் எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி முடித்தாயிற்றாம். ஸ்பான்சர் பணம் ஜனவரிக்குப் பிறகுதான் வருமாம்.

அவருடைய கேள்விகள் நான்கு. இந்தப் பட்டியல் சரியா? பணம் கைக்கு வரும்வரை ஒப்பந்தங்களைத் தள்ளிப் போடலாமா? அண்ணன் மகனைச் சேர்த்தால் பேச்சு வருமா? மூன்று ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸுக்குப் போக முடியுமா?

என் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொந்தக் காசில் பையன்களுக்கு டயர் வாங்கிக் கொடுத்த மனிதருக்குச் சைக்கிள் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கிளப் வேறு, அணி வேறு. கிளப்பில் ஒவ்வொருவனும் தனக்காக ஓட்டுகிறான், ஜெயித்தவனுக்கு மற்றவர்கள் கை தட்டுகிறார்கள். அணியில் ஒருவர் ஜெயிப்பதற்காக, அந்தப் பந்தயத்தில் கூட ஓட்டும் மற்ற ஐந்து பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு தோற்க வேண்டும். உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். பதினான்கு பேருமே ஜெயிக்க வருகிறவர்கள். தோற்கச் சம்மதிக்கிற ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை.

நான் வழக்கறிஞன். விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தங்களைப் பார்ப்பது தொழில். அதற்கு முன்னால் சில ஆண்டுகள் பந்தயங்களில் கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டியவன். அதனால் சட்டத்துக்கு நடுவே சைக்கிளும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டும் ஆறும்

முதலில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. கான்டினென்டல் அணிக்கு உரிமம் கொடுப்பது அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பு. அணியில் பெரும்பான்மையானோர் எந்த நாட்டவரோ அந்த நாட்டுக் கூட்டமைப்புதான் அதைப் பதிவு செய்யும். வீரர்களின் எண்ணிக்கை பத்துக்குக் குறையக் கூடாது, பதினாறைத் தாண்டக் கூடாது. நீங்கள் ஆறு மலேசியரையும் எட்டு வெளிநாட்டவரையும் வைத்துக்கொண்டு மலேசிய அணி என்று போய் நின்றால், முதல் மேசையிலேயே கேள்வி எழும். பதினான்கில் எட்டுப் பேராவது மலேசியராக இருக்கட்டும். ஒருவர் காயம்பட்டோ கோபித்துக்கொண்டோ விலகினாலும் கணக்கு உதைக்காமல் இருக்க ஒன்பது என்றால் நிம்மதி.

‘நல்ல ஆள் கிடைக்காததால்தான் வெளியில் தேடினேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தேடியது தப்பில்லை. எதற்காகத் தேடினீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் எட்டு வெளிநாட்டவரில் மூன்று பேர் ஸ்பிரிண்டர்கள். நம் ஊரில் தட்டுப்பாடே இல்லாத சரக்கு அது. சைக்கிளோட்ட வட்டத்தடமான வெலோட்ரோமில் வளர்ந்த பையன்களிடம் கடைசி 200 மீட்டருக்கான வேகம் இருக்கிறது. பல நாள் நடக்கும் நம் லங்காவி டூரில் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்ற முதல் மலேசியரான அனுவார் மனானும் ஸ்பிரிண்டர்தான், 2010இல். நமக்குப் பஞ்சம் மலையில்.

ஆறு ஸ்பிரிண்டர்கள்

‘மலேசியாவில் பெரும்பாலும் சமதளப் பந்தயங்கள், அதனால் ஸ்பிரிண்டர்கள் போதும்’ என்ற உங்கள் நினைப்பு பாதிதான் உண்மை. கட்டங்களைக் கணக்கெடுத்தால் சமதளம்தான் அதிகம். எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்க்கும் மொத்த வெற்றியை முடிவு செய்வதோ ஒரே ஒரு மலை. இத்தாலியின் ஆண்ட்ரியா கார்டினி லங்காவி டூரில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்களை வென்றவர். மொத்தப் பந்தயத்தை ஒருமுறைகூட அவர் வென்றதில்லை. கெந்திங் மலையோ கேமரன் மலையோ வருகிற அன்று, அதுவரை ஓட்டிய ஸ்பிரிண்டர்கள் எல்லாரும் நேர வரம்புக்குள் மேலே போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலையில் இருப்பார்கள்.

கணக்காகவே பாருங்களேன். 58 கிலோ எடையுள்ள மலையேற்ற வீரர் கிலோவுக்கு 5.5 வாட் வீதம் மிதித்தால் மொத்தம் 319 வாட். அதே வேகத்தில் அவருடைய சக்கரத்தைப் பிடித்து, அதாவது பின்னாலேயே ஒட்டி, ஏற 78 கிலோ ஸ்பிரிண்டர் ஏறக்குறைய 429 வாட் மிதிக்க வேண்டும். இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏற்றத்தில், நம் வெயிலில், அந்தக் கூடுதல் 110 வாட்டை எந்தப் பயிற்சியாளரும் வரவழைத்துக் கொடுக்க முடியாது.

யூசிஐ தரவரிசைக்கான புள்ளிக் கணக்கும் இதையே சொல்கிறது. கீழ்நிலைப் பந்தயமான 2.2 வகையில் ஒரு கட்ட வெற்றிக்கு 7 புள்ளி. மொத்தத்தில் முதலிடத்துக்கு 40, இரண்டாமிடத்துக்கு 30. அதாவது உங்கள் ஸ்பிரிண்டர்கள் நான்கு கட்டங்களை அள்ளினாலும் 28தான் சேரும். ஒரு கட்டம்கூட வெல்லாமல், தினமும் முன்வரிசையில் வந்து இரண்டாவதாக முடித்தவர் அதைவிடக் கூடுதலாகக் கொண்டு போகிறார். அப்புறம் ஆறு ஸ்பிரிண்டர்களும் ஒருவருக்கொருவர் முன்னால் ஓட்டிக் காற்றை மறைத்து லீட்-அவுட் கொடுக்கவா போகிறார்கள்? கடைசி கிலோமீட்டரில் ஆளுக்கொரு சக்கரத்தைத் தேடிப் போவார்கள். நல்ல ஸ்பிரிண்டர் ஒருவர், அவரைக் கடைசி 250 மீட்டர்வரை காற்று படாமல் கொண்டுபோய் விடுகிற இருவர், இந்த மூன்று பேர் உங்கள் ஆறு பேரை எந்த நாளும் ஜெயிப்பார்கள். அந்த இருவரில் ஒருவர், முதல் ஆள் இல்லாத பந்தயங்களில் தானே ஸ்பிரிண்ட் அடிக்கக் கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது.

நாட்காட்டியை விரியுங்கள்

பெயர்களை எழுதிய தாளைக் கொஞ்ச நாள் மேசை டிராயரில் போட்டு வையுங்கள். ஆண்டு நாட்காட்டியை எடுத்து, நிஜமாகவே அழைப்புக் கிடைக்கக்கூடிய பந்தயங்களை மட்டும் குறியுங்கள். அவற்றில் எந்த இரண்டில் நன்றாகச் செய்தால் ஸ்பான்சர் இரண்டாம் ஆண்டும் பணம் தருவார் என்று கேளுங்கள். மலேசிய அணிக்கு அதில் ஒன்று லங்காவியாகத்தான் இருக்கும். 1996 முதல் நடக்கும் பந்தயம், தொலைக்காட்சியில் வருவது, ஸ்பான்சரின் வீட்டில் எல்லாரும் பெயர் தெரிந்து வைத்திருப்பது.

அந்தப் பந்தயத்தின் அண்மை வரலாறு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2018இல் திரெங்கானு அணி வென்றது, ரஷ்யரான ஆர்த்தெம் ஒவெச்கினை வைத்து. 2019இல் சபுரா அணி, ஆஸ்திரேலியரான பெஞ்சமின் டைபாலை வைத்து. 2020இல் அதே சபுரா, இத்தாலியரான டனிலோ செலானோவை வைத்து. மூன்று ஆண்டு தொடர்ந்து மலேசிய கான்டினென்டல் அணிகள், முதல் நிலையான உலக டூர் அணிகளும் வந்து ஓட்டுகிற பந்தயத்தை வென்றிருக்கின்றன. மூன்று முறையும் வெளிநாட்டு இடத்தை மொத்த நேரத்தில் வெல்லக்கூடிய ஆளுக்குக் கொடுத்தார்கள். டைபால் அடுத்த ஆண்டே என்டிடி என்ற உலக டூர் அணிக்குப் போய்விட்டார். அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மலையேற்ற வீரர் உங்களிடம் ஓராண்டுதான் தங்குவார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அவரைப் பார்த்து அடுத்தவர் வருவார்.

அந்த மூவருமே தனியாக ஜெயிக்கவில்லை. பெரிய கூட்டத்தின் நடுவே பதுங்கி ஓட்டுகிறவருக்கு, தனியாக ஓட்டினால் படும் காற்றின் எதிர்ப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் படாமல் போகலாம். அந்த நிழலில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்து, ஆறாம் நாள் மலையடிவாரத்தில் புதுக் காலோடு இறங்க வேண்டும் என்பதுதான் திட்டம். அவரை அந்த நிழலில் வைத்திருப்பது யார்? கடலோரச் சாலையில் பக்கவாட்டுக் காற்று அடித்து கூட்டம் துண்டு துண்டாகும்போது, முன் துண்டில் அவருக்கு இடம் பிடித்துக் கொடுப்பது யார்? பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பது யார்?

தண்ணீர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். நம் வெயிலில் ஒருவருக்கு மணிக்கு இரண்டு போத்தல் என்று வையுங்கள். ஆறு பேர், நான்கு மணி நேரம், 48 போத்தல். சைக்கிளில் மாட்டியிருக்கும் இரண்டு போக மீதியை யாராவது பின்னால் காருக்கு இறங்கிப் போய், சட்டைக்குள் ஏழெட்டாகத் திணித்துக்கொண்டு, ஐந்தாறு கிலோ கூடுதல் சுமையோடு மறுபடி கூட்டத்தின் முன்வரிசைக்கு ஏறி வர வேண்டும். ஒரு நாளில் நான்கைந்து தடவை. இந்த வேலையைச் செய்பவர் கடைசியில் இருபது நிமிடம் பின்தங்கி வந்து சேர்வார், முடிவுப் பட்டியலில் 110ஆவது பெயராக. கிளப் பந்தயங்களின் முடிவுகளைப் பார்த்து ஆள் எடுக்கிறவர் கண்ணில் இவர் படவே மாட்டார். நீங்கள் 800 ரிங்கிட் போட்டிருக்கும் கடைசி ஐந்து இடங்கள்தான் இந்த வேலைக்கானவை. உங்கள் பட்டியலில் நான் அதிகம் கவலைப்படுவதும் அந்த ஐந்து இடங்களைப் பற்றித்தான்.

என்னைக் கேட்டால் பங்கீடு இப்படி இருக்கலாம். மலைக்கு மூன்று பேர், ஒருவர் தலைவர், இருவர் அவரோடு பாதி மலைவரை வரக்கூடியவர்கள். ஸ்பிரிண்டுக்கு முன்பு சொன்ன மூன்று பேர். சமதளத்தில் மணிக்கணக்காக முன்னால் நின்று இழுக்கிற தடித்த தொடைக்காரர்கள் மூன்று பேர். சாலையில் முடிவெடுக்கிற ரோடு கேப்டன் ஒருவர். மேடு பள்ளமான ஒருநாள் பந்தயத்தில், கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் ஓடும் பிரேக்அவேயில் போய்விடக்கூடிய ஆல்ரவுண்டர் ஒருவர். மீதி மூன்றும் 23 வயதுக்குக் கீழே. இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரே ஆள் இரண்டு வேலை பார்ப்பார். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய வேலை என்ன என்று ஒரு வரி எழுத முடியாவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

பதினான்கு பேர் என்பது நிறைய மாதிரி தெரியும். காறை எலும்பு முறிந்தவர் ஒன்றரை மாதம் வரமாட்டார். ஒருவருக்கு டெங்கி. மாநிலங்களுக்கிடையிலான சுக்மா விளையாட்டுக்கு மாநிலம் இரண்டு பேரைக் கூப்பிடும், தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுக்கு நாடு இரண்டு பேரைக் கூப்பிடும். உங்கள் சம்பளத்தில் இருக்கிற ஆள் வேறு சட்டை போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார். ஆகஸ்டில் தொடக்கக் கோட்டில் நிற்க எட்டுப் பேர் தேறினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதனால்தான் ஒரே வேலைக்கு ஆறு பேர் என்பது ஆடம்பரம் என்கிறேன்.

அந்த 35 வயதுக்காரர்

பெரிய பெயர் ஒன்று இருந்தால் ஸ்பான்சர் சந்தோஷப்படுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். படுவார், அறிமுக விழா முடியும்வரை. 2,16,000 ரிங்கிட் ஒருவருக்கு. கடைசி ஐவரின் அலவன்ஸ் ஆண்டுக்கு 48,000. மீதி 2,76,000ஐ எட்டுப் பேர் பிரித்தால் மாதம் தலைக்கு 2,875. மேசையில் ஒரு பக்கம் மாதம் 18,000 வாங்குகிறவர், மறுபக்கம் 800 வாங்குகிறவர். போத்தல் கொண்டுவருகிறவர் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். எத்தனை நாள் கொண்டுவருவார்?

ஆனாலும் அவரை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். அவருடைய கால் பழசாகியிருக்கலாம், கண் பழசாகியிருக்காது. எந்தத் திருப்பத்துக்கு முன் முன்னால் போக வேண்டும், எந்த பிரேக்அவேயை விட்டுவிடலாம் என்று சாலையிலேயே பையன்களிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ரோடு கேப்டனாக, பாதிச் சம்பளத்துக்கு வரச் சம்மதிக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். சம்மதித்தால் தங்கம். தலைவராகத்தான் வருவேன் என்றால், வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தில் ஆசியப் பந்தயங்களில் பழகிய ஒரு மலையேற்ற வீரரும் அவருக்கு ஒரு துணையும் கிடைப்பார்கள்.

ஒரே தலைவரை நம்பாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிரீன்எட்ஜ் அணி 2012இல் பிறந்தது. அந்த மார்ச்சில் இத்தாலியின் ஒருநாள் பந்தயமான மிலான்–சான் ரெமோவுக்குப் போனபோது, முந்தைய ஆண்டு அதே பந்தயத்தை வென்ற மேத்யூ காஸ் அவர்களிடம் இருந்தார். கூட்டமாக முடிந்தால் காஸ். கடைசி மேடான போஜியோவில் இத்தாலியரான நீபாலி தாக்கியபோது அதே அணியின் சைமன் கெரன்ஸ் அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார், சுவிஸ் வீரர் கான்செலாராவும் வந்து சேர்ந்துகொண்டார். பின்னால் காஸ் இருந்ததால் கெரன்ஸுக்கு முன்னால் நின்று இழுக்க வேண்டிய கடமை இல்லை. கான்செலாரா இழுத்தார், கெரன்ஸ் ஜெயித்தார். அணிக்கு வயது மூன்று மாதம். உங்கள் நிலையில் இதை அப்படியே நகலெடுக்க முடியாது, ஆனால் எந்தப் பந்தயத்திலும் இரண்டு விதமாக ஜெயிக்க ஆள் வைத்திருப்பது கான்டினென்டல் அணிக்கும் முடிகிற காரியம்தான்.

கையெழுத்துப் போடாததால் கட்டுப்பாடு இல்லையா?

இங்கே உங்களை நிறுத்தித் திருத்த வேண்டியிருக்கிறது. ‘எதிலும் கையெழுத்துப் போடவில்லை, பணம் வராவிட்டால் விட்டுவிடலாம்’ என்கிறீர்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற பொது விதி இல்லை. சம்பளம், காலம், வேலை மூன்றையும் குறிப்பிட்டு நீங்கள் கேட்க, அவர் சரி என்று சொல்லிவிட்டால், வாட்ஸ்அப் செய்தியே ஒப்பந்தமாக நிற்கக்கூடும். அந்த நம்பிக்கையில் அவர் வேறொரு அணியை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் உங்கள் நிலை இன்னும் மோசம். வேடிக்கை என்னவென்றால், ஸ்பான்சர் உங்களுக்குக் கொடுத்த வாக்குக்கு அந்த வாட்ஸ்அப் சாட்சிகூட இல்லை. நீங்கள் கொடுத்ததெல்லாம் நிரூபிக்கலாம், வாங்கியதை நிரூபிக்க முடியாது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2010இல் ஆஸ்திரேலியாவில் பெகாசஸ் என்ற அணி ராபி மெக்கெவன் போன்ற பெரிய பெயர்களைச் சேர்த்துவிட்டது, பணம் வந்து சேரவில்லை, டிசம்பரில் யூசிஐ பதிவை மறுத்துவிட்டது. மற்ற அணிகளின் இடங்களெல்லாம் நிரம்பிவிட்ட நேரத்தில் வீரர்கள் வேலை தேடி அலைந்தார்கள். 2022 டிசம்பரில் பிரான்ஸின் பி அண்ட் பி ஹோட்டல்ஸ் அணியும் புது ஸ்பான்சர் கிடைக்காமல் கலைந்தது. என்னிடம் வந்த வழக்கு ஒன்றில், நான்கு மாதச் சம்பளம் வராத பையன் ஒருவன் கடைசியில் அணி கொடுத்த சைக்கிளை விற்றுவிட்டான். அணி அவன்மீது போலீசில் புகார் கொடுத்தது. இரண்டு பக்கமும் தப்பு, இரண்டு பக்கமும் அழுகை.

ஆகவே தள்ளிப் போடாதீர்கள், நிபந்தனை போடுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் கொடுங்கள். அதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கட்டும்: அணி பதிவானால்தான் இது நடைமுறைக்கு வரும், ஸ்பான்சரின் முதல் தவணை குறிப்பிட்ட தேதிக்குள் வந்தால்தான் நடைமுறைக்கு வரும். அந்தத் தேதி, வீரர் வேறு அணி தேட நேரம் இருக்கிற தேதியாக இருக்க வேண்டும். அதற்கு முன், ஸ்பான்சருடன் தவணைத் தேதிகள் போட்ட ஒப்பந்தம் வேண்டும். நண்பர்தானே, எழுதிக் கேட்டால் தவறாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். பதிவின்போது வீரர்களின் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். ஜனவரியில் வரப்போகும் பணத்தைக் காட்டி எந்த வங்கியும் உத்தரவாதம் தராது. ஆகவே பணத்தில் ஒரு பங்காவது இந்த ஆண்டுக்குள் வந்தாக வேண்டும் என்று அவரிடம் காரணத்தோடு சொல்லலாம்.

அந்த 800 ரிங்கிட் அலவன்ஸைப் பற்றியும் பேச வேண்டும். ‘அவர்கள் ஊழியர்கள் இல்லை, பயிற்சி பெறுபவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது பயிற்சி, எந்தப் பந்தயம், எந்தச் சட்டை, எந்தச் சைக்கிள் என்று எல்லாவற்றையும் நீங்கள் தீர்மானித்தால், பெயர் என்ன வைத்தாலும் அவர்கள் ஊழியர்கள் என்றே சட்டம் அனுமானிக்க இடமிருக்கிறது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் அந்த அனுமானத்தைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. ஊழியர் என்றால் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட். கூடவே ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப், சமூகப் பாதுகாப்புக் காப்பீடான சொக்சோ. ஐயாயிரம் வரை சம்பளம் வாங்கும் உள்ளூர் வீரருக்கு உங்கள் பங்கு இபிஎஃப் 13 விழுக்காடு. இதை உங்கள் கணக்கில் எங்கும் காணோம். வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி வேண்டும், சுற்றுலா விசாவில் வந்து ஓட்டிவிட்டுப் போகட்டும் என்ற யோசனையைக் கைவிடுங்கள். விபத்துக் காப்பீடு எல்லாருக்கும். அதில், வெளிநாட்டில் விழுந்தவரை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அடங்க வேண்டும்.

இவ்வளவும் சேர்த்தால் பதினான்கு பேருக்குப் பணம் பத்தாது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சைக்கிள், கார், விமானச் சீட்டு, மெக்கானிக், மசாஜ் ஆள் எல்லாவற்றுக்கும் நீங்கள் மிச்சம் வைத்திருப்பது 3,60,000. முதல் ஆண்டு பதினொன்று அல்லது பன்னிரண்டு பேரோடு தொடங்கினால் விதிக்குள்தான் இருப்பீர்கள், எல்லாருக்கும் நாணயமாகச் சம்பளமும் கொடுப்பீர்கள். பெரும்பான்மைக் கணக்கை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள், பன்னிரண்டில் ஏழு.

மருந்து விஷயம் சுருக்கமாக. பையன்களுக்கு யாரும் மாத்திரை நீட்டக் கூடாது, மெக்கானிக்கோ அண்ணனோ நீங்களோ கூட. சாதாரண வலி மாத்திரை என்று நினைத்துக் கொடுக்கிற டிரமடோலை யூசிஐ 2019 மார்ச்சிலேயே பந்தயங்களில் தடை செய்துவிட்டது. பகுதி நேரமாகவாவது ஒரு மருத்துவரை வைத்து, அவர் வழியாக மட்டும் மருந்து என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அண்ணன் மகன்

சட்டப்படி தடை எதுவும் இல்லை. பேச்சு வருமா என்றால், வரும். அவன் நன்றாக ஓட்டினாலும் வரும். கடிதத்தில் அவனுடைய வேகத்தைப் பற்றி ஒரு வரியும், அண்ணியின் எதிர்பார்ப்பைப் பற்றி ஆறு வரியும் எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 23 வயதுக்குக் கீழான மூன்று இடங்களுக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரு தேர்வு வையுங்கள். ஒரு மேட்டில் நேரம் பார்ப்பது, மூன்று நாள் முகாமில் மற்றவருக்காக ஓட்டச் சொல்லிப் பார்ப்பது. முடிவைப் பயிற்சியாளர் எழுதட்டும், நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம். தேறினால் மற்ற இளைஞர்களுக்கு உள்ள அதே சம்பளம், அதே அறை, அதே போத்தல் வேலை. தேறாவிட்டால் இந்த ஆண்டு கிளப்பில் ஓட்டட்டும். அண்ணனிடம் இதைத் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் அது சாக்காகத் தெரியும்.

டூர் டி பிரான்ஸ்

மூன்று ஆண்டில் முடியாது. கான்டினென்டல் அணிக்கு அங்கே இடமே கிடையாது. முதலில் இரண்டாம் நிலையான புரோடீம் ஆக வேண்டும், அதற்கே குறைந்தது இருபது வீரர்கள், பிறகு அழைப்புக் கிடைக்க வேண்டும். பெரிய பணமும் கான்செலாராவின் பெயரும் பின்னால் இருந்த சுவிட்சர்லாந்தின் டியூடர் அணியே 2023இல் புரோடீம் ஆகி 2025இல்தான் டூருக்குப் போனது. ஆப்பிரிக்காவின் எம்டிஎன்-குபெக்கா 2013இல் இரண்டாம் நிலைக்கு ஏறி 2015இல் போனது. அதற்கு முன் பல ஆண்டுகள் கான்டினென்டலில் புழுதி குடித்த அணி அது. ஸ்பான்சரிடம் டூர் என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தால் இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள். லங்காவியில் கெந்திங் அன்று முதல் பத்தில் ஒரு ஆள் என்று சொல்லுங்கள். அதை முதல் ஆண்டிலேயே செய்து காட்ட வழி இருக்கிறது.

வேலையை இந்த வரிசையில் தொடங்குங்கள்: ஸ்பான்சருடன் எழுத்து, பிறகு கூட்டமைப்பில் ஒரு சந்திப்பு, பிறகு அந்த எட்டு வெளிநாட்டவருக்கும் ‘பட்டியல் மாறுகிறது, இந்தத் தேதிக்குள் உறுதியாகச் சொல்கிறேன்’ என்று ஒரே மாதிரியான செய்தி. வாட்ஸ்அப்பில் பேசிய பழைய செய்திகளை அழிக்காதீர்கள். அவற்றை அச்செடுத்து என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள், ஏற்கெனவே யாருக்கு எவ்வளவு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்த பிறகுதான் யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற பேச்சையே தொடங்க முடியும்.